அஞ்சம்மாள் கடையில் பரோட்டா இல்லை

இனிமேல் கோதுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று விழுப்புரத்து டாக்டரம்மா சொன்னபோது அஞ்சம்மாளுக்குச் சிரிப்புதான் வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

“ஏம்மா சிரிக்கிறீங்க?”

“நான் பரோட்டா மாஸ்டருங்க. திண்டிவனத்துல, மரக்காணம் ரோட்டுல கடை. பொழுது சாஞ்சா மைதாவுலதான் என் கை இருக்கும்.”

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பரோட்டா வீசும் பெண்ணை அவர் அதுவரை சந்தித்ததில்லை போலிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் தேவநாதன், “சால்னா என்னுதுங்க. பரோட்டா அவளுது” என்று சேர்த்துக்கொண்டான். ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து அவன் குரலில் பெருமை இருந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டினார்.

“குடலோட உள்பக்கம் தேங்காப்பூத் துண்டு மாதிரி இருக்கணும்மா. சாப்பாட்டுல இருக்கிற சத்தை அதுதான் உறிஞ்சும். உங்களுக்கு அது நூலெல்லாம் தேய்ஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. அதான் எத்தனை மாத்திரை போட்டாலும் ரத்தம் ஊறல. இதுக்குப் பேரு சீலியாக். கோதுமைல இருக்கிற ஒரு பொருள் உங்க உடம்புக்கு ஆகல. இதுக்கு மருந்து கிடையாது. மைதா, கோதுமை, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஒரு துணுக்குகூட உள்ள போகக்கூடாது. இன்னிக்கு நாளைக்குன்னு இல்ல, எப்பவுமே.”

“ஒரு துணுக்குகூடவா?”

“ஒரு துணுக்குகூட.”

அஞ்சம்மாளின் சிரிப்பு அப்போது நின்றது.

அவள் பிறந்தது மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பத்தில். தேவநாதனுக்கும் அதே குப்பம்தான். கல்யாணமான புதிதில் அவன் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒருமுறை வலை இழுக்கும்போது தோள்பட்டை பிசகியது; எத்தனை கட்டுப் போட்டும் கை பழையபடி மேலே எழும்பவில்லை. பிழைப்புத் தேடிக் கைக்குழந்தையோடு திண்டிவனத்துக்கு வந்தார்கள். ஒரு ஓட்டலில் அவனுக்குச் சமையல்கட்டில் எடுபிடி வேலை, அவளுக்குப் பாத்திரம் துலக்கும் வேலை. துலக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பரோட்டாக் கல் நேராகத் தெரியும். மாஸ்டர் மாவு வீசுவதைப் பார்த்துப் பார்த்து அவள் கையும் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஈரத்துண்டை வீசிப் பழகினாள். மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை நிறைய ஆள் உட்கார்ந்திருக்க முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அஞ்சம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “நான் போடட்டுங்களா?” என்றாள். அன்றைக்குச் சாப்பிட வந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். பிறகு, சொந்தமாகக் கடை போட்ட நாளில், வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். அஞ்சம்மா கடைப் பரோட்டா என்றால் மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிவரும் லாரிக்காரர்கள்கூட நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

உடம்பு எப்போது கெட ஆரம்பித்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும், பிறகு ஓட வேண்டியிருக்கும். வாயெல்லாம் புண். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் குடைகிற வலி. போன இடமெல்லாம் ரத்தம் இல்லை என்றார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். அல்சர் என்றார் ஒருவர். கண்ணேறு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வருஷா வருஷம் பெருமுக்கல் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தவள், பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, கோயிலைக் கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். கடைசியில் ஒரு சாயங்காலம் கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி, முழங்கை கல்லில் பட்டுச் சுட்டுக்கொண்டு சரிந்தாள். அப்படித்தான் விழுப்புரம் வந்து, ரத்தம் கொடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, இந்தப் பெயரைக் கேட்க நேர்ந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். “ரத்த சொந்தத்துல இது வர வாய்ப்பு இருக்கு. பொண்ணு இருக்குன்னு சொன்னீங்களே, அவளுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க.”

திரும்பும் பஸ்ஸில் தேவநாதன் சீலியாக், சீலியாக் என்று இரண்டுமுறை சொல்லிப் பார்த்தான். “பேரு மறந்துட்டா பேஜாரு” என்றான்.

“மறக்காது,” என்றாள் அஞ்சம்மாள். “இத்தினி வருஷம் பேரே தெரியாம இல்ல கூட வெச்சிக்கினு இருந்தேன்.”

சாப்பாட்டை விடுவது அவளுக்குக் கஷ்டமாகத் தோன்றவில்லை. சோறு இருக்கிறது, மீன் இருக்கிறது, கேப்பைக் களி இருக்கிறது. காலையில் டீயோடு தின்கிற பிஸ்கட்டை விட்டாள். ரவை உப்புமாவை விட்டாள். கடை மூடும்போது கல்லோரத்தில் மிஞ்சும் முறுகலான பரோட்டாத் துண்டை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடத்தான் கொஞ்சம் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. கடையை மட்டும் விடவில்லை. வாயிலும் மூக்கிலும் துண்டைக் கட்டிக்கொண்டு மாவு பிசைந்தாள், வீசினாள். “இன்னா மாஸ்டரம்மா, கொள்ளக்காரி மாதிரி” என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

முதலில் வயிறு கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. பிறகு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள்.

“இன்னும் கோதுமை உள்ள போகுதும்மா,” என்றார் அவர்.

“சத்தியமா இல்லீங்க.”

“ரத்தத்துல தெரியுதே.”

அஞ்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. வலியைத் தாங்கியவளுக்குப் பொய்க்காரி என்று பெயர் வாங்குவது தாங்கவில்லை. டாக்டரம்மா அதைப் புரிந்துகொண்டவர்போல் குரலை இறக்கினார். “நீங்க வேணும்னு சாப்பிடுறீங்கன்னு சொல்லல. எது வழியாவோ வருது. மாவுத்தூசி பறந்து வாய்க்குள்ள போகலாம். கடையில வாங்குற பொடியில கலந்திருக்கலாம். டப்பா டப்பாவா படிச்சுப் பாருங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவள் முகம்கூடக் கழுவவில்லை. அடுக்களை அலமாரியில் இருந்ததையெல்லாம் தரையில் இறக்கினாள். மிளகாய்த்தூள் பாக்கெட், மசாலாப் பாக்கெட், ஊறுகாய் பாட்டில். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் படித்தாள். மகள் இளவரசி துணிக்கடை வேலை முடிந்து வந்தவள், அம்மாவோடு தானும் உட்கார்ந்துகொண்டாள். அஞ்சம்மாள் கையில் இருந்தது பெருங்காய டப்பா. எறும்பு எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருந்தது. அவள் கண்ணை இடுக்கிப் படித்துவிட்டு, டப்பாவை மகளிடம் நீட்டினாள்.

“இது இன்னான்னு நீ படி.”

“கோதுமை மாவு,” என்றாள் இளவரசி.

வாசல்படியில் நின்றிருந்த தேவநாதனின் முகம் வெளுத்துப்போனது. மனைவிக்கு முடியாமல் போனதிலிருந்து வீட்டுச் சமையல் அவன்தான். வாயுவுக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது என்று தினமும் ரசத்தில் பெருங்காயத்தைத் தாராளமாகப் போட்டு, டம்ளரில் ஊற்றி, ஆற்றி, கூட நின்று குடிக்க வைத்தது அவன்தான்.

“நானே குடுத்துக்கினு இருந்திருக்கேன்,” என்றான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“உனக்கு எப்பிடித் தெரியும்? வயித்துக்கு ஒத்துக்கும்னுதான குடுத்த. எனக்கே இப்பத்தான் தெரியுது.” அவள் டப்பாவைக் குப்பையில் போட்டாள். “நாளையிலேர்ந்து பூண்டு தட்டிப் போடு. அதுவே போதும்.”

பெருங்காயம் போனது. ஆனால் மறுநாள் சாயங்காலம் அவள் வேறொன்றைப் பார்த்தாள். மேற்கு வெயில் கடைக்குள் சாய்வாக விழும் நேரம். மைதா மூட்டையைப் பிரித்துக் கொட்டினாள். மாவு புகைபோல் எழும்பி, வெயிலில் மினுங்கிக்கொண்டு மெல்ல இறங்கியது. தண்ணீர்க் குடத்தின் மேல் இறங்கியது. கவிழ்த்து வைத்த டம்ளர்களின் மேல், பின்கட்டு வாசலைத் தாண்டி வீட்டுக்குள் மூடாமல் இருந்த சோற்றுப் பானையின் மேல் இறங்கியது. கடைக்குப் பின்னால்தான் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. இத்தனை வருஷமாக இதே வெயில், இதே மாவு. அவள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அன்றைக்கும் பரோட்டா போட்டாள். கடை மூடிய பிறகு தேவநாதனிடம் சொன்னாள். “இந்த மூட்டை முடியட்டும். அதுக்கப்புறம் கடைக்குள்ள மைதா வரக்கூடாது.”

அவன் முதலில் விளையாட்டென்று நினைத்தான். பிறகு மாஸ்டர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றான்.

“மாஸ்டர் போட்டா மாவு பறக்காதா? நான் எங்க போயி உக்கார்றது, ரோட்டுலயா?”

“பரோட்டா இல்லன்னா எவன் வருவான் நம்ம கடைக்கி? பொண்ணுக்கு எடம் பாத்துக்கினு இருக்கிற நேரத்துல இன்னா பேச்சு பேசுற நீ?”

“நான் செத்துட்டா மட்டும் வருவாங்களா?”

கோபமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இளவரசிதான் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, “அம்மா ஆசப்பட்டா விடுது? அதுக்குத்தான்பா நம்மள விட அதிகமா வலிக்கும்” என்றாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தான். மறுநாள் காலையில் பழைய பரோட்டாக் கல்லைத் தானே தூக்கிக்கொண்டு போய் விற்றுவிட்டு, புதுக் கல் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

கடையைக் கழுவினார்கள். சுவர் இடுக்கு, பலகைக்கு அடி, விளக்குக்கு மேல் என்று மாவு படிந்த இடமெல்லாம் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்தார்கள். இடியாப்பம், ஆப்பம், தோசை, சனி ஞாயிறில் மீன் குழம்பு என்று முடிவு செய்தார்கள்.

அரிசி மாவு அரைப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. மில்காரர் பாண்டுரங்கன் ஒரே மிஷினில்தான் கோதுமையும் அரைத்தார், அரிசியும் அரைத்தார். “தினம் காலையில மொத ஆளா என்னுத அரைச்சிக் குடுங்க” என்றாள் அஞ்சம்மாள். “மிஷினத் தொடச்சிட்டு, மொதல்ல விழுற மாவ தனியா எடுத்து மாட்டுக்கு வெச்சிடுங்க. அதுக்கப்புறம் விழுறதுதான் எனக்கு.”

“நல்ல அரிசிய மாட்டுக்குப் போடச் சொல்றியேம்மா.”

“உள்ள ஒட்டிக்கினு இருக்கிற கோதுமைய அது இழுத்துக்கினு வந்துடும்ணே. மிச்சம் எனக்கு சுத்தமா வரும்.”

அவர் தலையைச் சொறிந்தார். ஒருநாள் துடைக்காமல் அரைத்துவிட்டு, துடைத்தேன் என்றார். அவள் மாவை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். அன்றைக்குக் கடை திறக்கவில்லை. அதற்கப்புறம் அவர் ஏமாற்றவில்லை.

கடை படுத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். வந்து உட்கார்ந்தவர்கள் பரோட்டா இல்லை என்றதும் எழுந்து போனார்கள். சவுரிராயன் என்ற லாரி டிரைவர், அவள் கடை போட்ட நாளிலிருந்து வருகிறவர், இடியாப்பத்தைப் பார்த்து, “எனக்கு இன்னா ஜுரமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சாப்பிடவும் செய்தார். ஆனால் அடுத்த வாரம் வரவில்லை. எதிர்ச்சாரியில் புதிதாக ஒருவர் பரோட்டாக் கடை போட்டார். சுடச்சுட அடுக்கி இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம் ரோட்டைத் தாண்டி வரும். தப்பான தட்டு என்று அஞ்சம்மாளுக்குக் கேட்கும்போதே தெரியும். இன்னும் கொஞ்சம் உள்ளங்கையைக் குவித்திருக்க வேண்டும். அந்த நேரங்களில் அவள் இடியாப்ப அச்சை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்துகொண்டே இருப்பாள். கை நோவும். நிறுத்தமாட்டாள்.

இடியாப்பத்தைக் கல்லில் போட்டு, வெங்காயமும் முட்டையும் சேர்த்து, சால்னா ஊற்றிக் கொத்திக் கொடுக்கலாம் என்று தேவநாதன்தான் யோசனை சொன்னான். அது பிடித்துக்கொண்டது. கோச்சிங் கிளாஸ் பிள்ளைகள் வந்தார்கள். வயிறு சரியில்லாதவர்கள், சர்க்கரைக்காரர்கள், ராத்திரி பரோட்டா வேண்டாம் என்று வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் வந்தார்கள். பழைய கூட்டம் திரும்பவில்லை. அடுப்பு அணையாமல் இருக்கிற அளவுக்கு ஆள் வந்தது.

அடுத்தமுறை ரத்தம் பார்த்தபோது டாக்டரம்மா முடிவைப் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வருஷம் ஆடி மாதம் அஞ்சம்மாள் பெருமுக்கல் மலையில் மேலே வரைக்கும் ஏறினாள்.

இளவரசிக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். கல்யாணம் முடிந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தேவநாதன் எவ்வளவோ சொன்னான். அஞ்சம்மாள் கேட்கவில்லை. முடிவில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் இப்போது இல்லை என்பதால் எப்போதும் வராது என்று அர்த்தமில்லை, சில வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும், உடம்பு சோர்ந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார்.

இந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்து இடம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேங்கடேசன் விழுப்புரம் மார்க்கெட்டில் மீன் வியாபாரம். பூர்வீகம் இவர்களுக்குப் பக்கத்துக் குப்பம். பையன் பிரேம்குமார் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. கடை திறக்காத ஒரு காலையில் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் இருவருக்கும் பிடித்துவிட்டது. இனி இவர்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும்.

கிளம்புகிற காலையில் தேவநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “இன்னிக்கி ஒருநாள் ஒண்ணும் பேசாத” என்றான். “அவங்க இன்னா குடுத்தாலும் கையில வாங்கிக்க. தின்னாத, அப்பிடியே வெச்சிடு. நோவு கீவுன்னு ஆரம்பிச்ச, பொண்ணு வாழ்க்க போயிடும்.”

அஞ்சம்மாள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னி முடித்ததும் சீப்பை வைத்துவிட்டு எழுந்தாள்.

பெண்ணும் வீட்டைப் பார்க்கட்டும் என்று அவர்கள் சொல்லியிருந்ததால் இளவரசியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டில் நல்ல வரவேற்பு. மாப்பிள்ளையின் அம்மா வெள்ளையம்மாள், கணீரென்ற குரல்காரி, அஞ்சம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் மின்விசிறிக்கு நேராக உட்கார வைத்தாள். தட்டுகளில் கேசரி வந்தது. நெய் மிதக்கிற கேசரி.

“மொதல்ல இனிப்பு எடுத்துக்குங்க அண்ணி. வாய் இனிச்சிக்கினே பேசுவோம்.”

“இருக்கட்டும் அண்ணி.”

“இருக்கட்டும்னா? நல்ல காரியம் பேச வந்திருக்கோம். ஒரு வாயாவது சாப்பிடணும்.” வெள்ளையம்மாள் சிரித்தாள். “அப்பிடியே இன்னொண்ணும் கேட்டுடறேன். நிச்சயத்துக்கு ராத்திரி சாப்பாட்டுல உங்க கையால பரோட்டா போட்டே ஆகணும். எங்க ஜனம் மொத்தமும் அதத்தான் கேக்குது.”

“அதுக்கு இன்னா, போட்டுட்டா போச்சு,” என்றான் தேவநாதன் முந்திக்கொண்டு. அவன் முழங்கை அஞ்சம்மாளை மெல்ல இடித்தது.

அஞ்சம்மாள் கேசரித் தட்டை எடுத்துப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

“அண்ணி, நான் சொல்றத நீங்களும் அண்ணனும் பொறுமையா கேக்கணும். எனக்குக் கோதுமை ஆகாது. ரவையும் கோதுமதான், மைதாவும் கோதுமதான். தின்னா கொடல் அரிச்சிப் பூடும். பல வருஷம் இன்னான்னு தெரியாம கஷ்டப்பட்டு, இதே ஊரு ஆஸ்பத்திரியிலதான் கண்டுபுடிச்சாங்க. கடையில பரோட்டா போடறத விட்டுட்டேன். எப்பவுமே போட மாட்டேன், நிச்சயத்துக்கும் போட மாட்டேன்.”

வேங்கடேசன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“இது ஒட்டுற நோவு இல்ல,” என்று அவள் தொடர்ந்தாள். “ஆனா ரத்த சொந்தத்துல வரலாம்.”

“அஞ்சம்மா,” என்றான் தேவநாதன்.

“சொல்லிடறேன். எங்க பொண்ணுக்கு டெஸ்ட் எடுத்தோம். இப்ப இல்ல. பின்னால வந்தாலும் வரலாம், பாத்துக்கினே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வந்தாலும் உசுருக்கு ஒண்ணுமில்ல, சாப்பாட்டுல ஜாக்கிரதையா இருந்தா எல்லாரையும்போல இருக்கலாம். என்னையே பாருங்க. மறச்சிக் கட்டிக் குடுக்க எனக்கு மனசில்ல.”

வெள்ளையம்மாளின் முகத்தில் சிரிப்பு மெல்லக் கரைந்துபோனது. இளவரசி தலை குனியவில்லை. அம்மாவின் பக்கத்தில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

“கலந்து பேசிட்டு சொல்லியனுப்புறோம்,” என்றார் வேங்கடேசன்.

பஸ்ஸில் தேவநாதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். திண்டிவனம் நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தான். “நல்ல எடம். கெடுத்துட்ட.”

“நாளைக்கி அந்த வீட்டுல இவளுக்கு வயிறு உப்பிக்கினு முடி கொட்டிச்சின்னா, அல்சரு, கண்ணேறுன்னு எத்தினி வருஷம் படுத்துக் கெடப்பா?” அஞ்சம்மாளின் குரல் உயரவில்லை. “தெரிஞ்ச வீட்டுல போயி இருக்கட்டும். தெரிஞ்சும் வேணும்னு சொல்ற வீட்டுல.”

“அப்பிடி ஒரு வீடு இல்லன்னா?”

“இருக்கும்பா,” என்றாள் இளவரசி. “இல்லன்னாலும் எனக்கு வேல இருக்குது.”

ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. விழுப்புரத்திலிருந்து பேச்சே இல்லை. பிரேம்குமார் இளவரசிக்குப் போன் செய்தான். வீட்டில் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னான், அதற்கு மேல் சொல்லவில்லை. அஞ்சம்மாள் வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருந்தாலும், கடைமுன் பஸ் நின்றால் அவள் பார்வை ஒருமுறை அங்கே போய்வரும். சொன்னது சரிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. மகள் முகத்தைப் பார்க்கத்தான் சிலசமயம் தைரியம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆவி பறக்க இடியாப்பத் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது கடைக்கு முன்னால் ஒரு ஆட்டோ நின்றது. வெள்ளையம்மாள் தனியாக இறங்கினாள். நேராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“இங்க இன்னா கெடைக்கும்?”

“இடியாப்பம் இருக்குது. இன்னிக்கி மீன் கொழம்பு.”

“வையுங்க.”

அஞ்சம்மாள் இலையில் வைத்தாள். வெள்ளையம்மாள் சாப்பிட ஆரம்பித்தாள். மீன் முள்ளை நிதானமாகப் பிரித்தாள். இன்னும் ஒரு இடியாப்பம் கேட்டு வாங்கினாள். கை கழுவி வந்து உட்கார்ந்ததும்தான் பேச்சை எடுத்தாள்.

“எனக்கு இன்னும் பயந்தான் அண்ணி. பொய் சொல்லல. எங்க வீட்டுக்காரர் வேணாம்னுதான் சொன்னாரு. எம்புள்ள அந்த ஆஸ்பத்திரிக்கே போயி, இது இன்னா நோவுன்னு கேட்டுக்கினு வந்து நிக்கிறான். கட்டுனா அந்தப் பொண்ணத்தான் கட்டுவேங்கிறான்.”

“நீங்க இன்னா சொல்றீங்க?”

“நான் இன்னா சொல்றது. உண்மைய சொல்லணும்னு உங்களுக்கு அவசியமே இல்ல. கேசரிய வாங்கி ஓரமா வெச்சிட்டு வந்திருக்கலாம். நானா இருந்தா வெச்சிட்டுத்தான் வந்திருப்பேன்.” வெள்ளையம்மாள் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “அது மனசுலயே ஓடிக்கினு இருந்துச்சு. என் வீட்டுல ஒருத்திக்கு முடியலன்னா அத மறைக்காம சொல்றவதான் எனக்கு மருமவளா வரணும். உங்க பொண்ணு உங்கள மாதிரி தான?”

“என்னவிட வாய் ஜாஸ்தி,” என்றாள் அஞ்சம்மாள்.

வெள்ளையம்மாள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப நிச்சயத்துக்கு இன்னா சாப்பாடு போடறது? சேமியா பாயசம் சொல்லியிருந்தேன், அதுவும் ஆகாதா?” என்று கேட்டாள்.

“அரிசிப் பாயசம் வெச்சிக்கலாம் அண்ணி. இடியாப்பம் நான் பாத்துக்கறேன். மாவு நானே கொண்டாறேன்.”

தேவநாதன் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் அரிய ஆரம்பித்தான்; அரிய வேண்டிய வெங்காயமெல்லாம் முன்பே அரிந்தாகியிருந்தது.

நிச்சயதார்த்தம் விழுப்புரத்தில் வேங்கடேசன் வீட்டு மாடியில் பந்தல் போட்டு நடந்தது. அஞ்சம்மாள் மதியமே வந்து புது அச்சும் தன் மாவுமாக அடுப்பங்கரையைப் பிடித்துக்கொண்டாள். மற்ற சமையல்காரர்களின் கரண்டியைத் தன் பாத்திரத்தில் விடவில்லை. “ஏன் சம்பந்தியம்மா, எங்க கை இன்னா அழுக்கா?” என்று ஒரு பெரியம்மா முறைத்தாள். வெள்ளையம்மாள், “அவங்களுக்கு ஆகாது, சும்மா இருங்க” என்று அடக்கினாள். பந்தியில் பரோட்டா இல்லை என்று சிலர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். வேங்கடேசனின் தம்பி, கோழிச் சால்னாவை ஊற்றி ஊற்றி இடியாப்பத்தை விழுங்கிக்கொண்டே, பரோட்டா இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னார். இருந்திருக்கும்தான் என்று அஞ்சம்மாளும் ஒப்புக்கொண்டாள்.

கடைசிப் பந்திக்கு வெள்ளையம்மாள் அவளை இழுத்துவந்து உட்கார வைத்தாள். ஒரு பக்கம் சம்பந்தி, இன்னொரு பக்கம் இளவரசி. இலையில் இடியாப்பம், தேவநாதன் வைத்த சால்னா, அரிசிப் பாயசம், ஓரத்தில் ஊறவைத்த வெங்காயம். இந்த இலையில் எது எங்கிருந்து வந்தது, எந்தக் கரண்டி பட்டது என்று அவளுக்குத் தெரியும். நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். பசி நன்றாக எடுத்திருந்தது.

தேவநாதன் சால்னா வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தான். அவள் இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, “இங்க இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றாள்.